மூன்று நிறுவை, ஒரு மொத்தம்

பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா வீடு போனக்காட்டில். விதுராவைத் தாண்டி மலையேறும் சாலையின் கடைசியில், பழைய தேயிலைத் தோட்டத்து லயம். அகத்தியர்கூடம் ஏறப் போகிறவர்களுக்கு இந்த ஊர் தெரிந்திருக்கும். 1,868 மீட்டர் உயரமுள்ள அந்த மலைக்கு நடை இங்கிருந்துதான் தொடங்குகிறது. தேயிலை ஆலை ஓடி வெகுகாலம் ஆயிற்று. அந்தக் கட்டடத்தைக் கடந்துபோய் வரிசை வீடுகளின் திண்ணையில் உட்கார்ந்தால் இன்னும் தமிழ்ப் பேச்சுதான் காதில் விழும்.

அக்கா மகள் பாலிடெக்னிக்கில் முதலாண்டு படிக்கிறாள். காப்பி குடித்து முடிப்பதற்குள் லேப் ரெக்கார்டு நோட்டோடும் செல்போனோடும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். போனிலேயே சி நிரல் எழுதி ஓட்டிப் பார்க்கிற செயலி ஒன்றை இறக்கி வைத்திருந்தாள். கொடுத்திருந்த பயிற்சி எல்லா வகுப்பிலும் கொடுப்பதுதான்: சில எண்களை வாங்கி, கூட்டி, மொத்தத்தைக் காட்ட வேண்டும். எண்களுக்கு அவள் எங்கும் போகவில்லை. ஆச்சி கொழுந்து பறித்த காலத்துக் கணக்கையே எடுத்துக்கொண்டாள். நாளுக்கு மூன்று நிறுவை. காலையில் 12 கிலோ, மத்தியானம் 9, சாயங்காலம் 14. மொத்தம் 35. திரையில் வந்ததோ இப்படி:

மொத்தம் 12
மொத்தம் 21
மொத்தம் 35

"ஒரு தடவ வர வேண்டியது மூணு தடவ வருது மாமா. கூட்டல் சரியாத்தான இருக்கு?"

கூட்டல் சரிதான். ஒவ்வொரு வரியையும் தனியாக எடுத்துப் பார்த்தாலும் சரிதான். இத்தனை வருஷம் சி சொல்லிக்கொடுத்ததில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இதைத்தான்: புதிதாகப் படிக்கிறவர்கள் வரி என்ன சொல்கிறது என்று பார்க்கிறார்கள், அது எங்கே நிற்கிறது என்று பார்ப்பதில்லை. லூப் என்று ஒன்று வந்துவிட்டால், ஒரு வரி நிற்கும் இடம்தான் அது எத்தனை முறை நடக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது.

அவள் எழுதியிருந்ததைத் தமிழ் எழுத்தில், வடிவம் மட்டும் தெரியும்படி சுருக்கித் தருகிறேன்:

மொத்தம் = 0;
ஃபார் (முறை = 1; முறை <= 3; முறை++)
{
    ஸ்கேன்எஃப் (எடை);
    மொத்தம் = மொத்தம் + எடை;
    பிரிண்ட்எஃப் (மொத்தம்);
}

ஸ்கேன்எஃப் எண்ணை வாங்குகிறது, பிரிண்ட்எஃப் திரையில் காட்டுகிறது. அந்தச் சுருள் அடைப்புக்கு மாணவர்கள் வைத்திருக்கும் பெயர் ஃப்ளவர் பிராக்கெட். அதற்குள் நிற்பதெல்லாம் ஒவ்வொரு நிறுவைக்கும் ஒரு முறை நடக்கும். அதற்கு மேலே நிற்பது நாள் தொடங்கும் முன் ஒரு முறை. கீழே நிற்பது எல்லா நிறுவையும் முடிந்தபின் ஒரு முறை. பிரிண்ட்எஃப் உள்ளே நிற்கிறது, அதனால் மூன்று முறை பேசுகிறது. அதை மூடும் அடைப்புக்குக் கீழே இறக்கினால் 35 மட்டும் வரும்.

திண்ணையில் சாய்ந்திருந்த அத்தை, அதாவது அவளுடைய ஆச்சி, இதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்கள்: "கணக்கப்பிள்ள மூணு நிறுவையவும் பேருக்கு நேரா எழுதிட்டு, சாயங்காலந்தான் கூட்டிப் போடுவாரு. நடுவுல கேட்டா சொல்ல மாட்டாரு." பாடப்புத்தகம் ஒரு பக்கம் முழுக்க விளக்குவது அந்த ஒரு பேச்சில் இருந்தது.

சொன்னதும் வரியை நகர்த்தினாள். அவசரத்தில் அடைப்பையும் சேர்த்து நகர்த்திவிட்டாள் போலிருக்கிறது. 'மொத்தம் = 0' என்ற வரி திறக்கும் அடைப்புக்கு உள்ளே போய்விட்டது. ஓட்டினால் இப்போது 14 வந்தது. முகம் சுருங்கிவிட்டது. பிரிண்ட்எஃப்பை மறுபடி மேலே ஏற்றப் போனாள். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

வரிகளை ஊகத்தில் ஏற்றி இறக்கிப் பார்ப்பது ஆரம்பத்தில் எல்லோருக்கும் வருகிற பழக்கம். எப்படியாவது 35 வந்துவிட்டால் அதோடு விட்டுவிடுவார்கள், ஏன் வந்தது என்பது தெரியாமலே போய்விடும். அதற்குப் பதில் செய்ய வேண்டியது ஒன்றுண்டு: பென்சிலை எடுத்து நாமே கணினியாக உட்கார்ந்து வரிவரியாக நடந்து பார்ப்பது. லேப் வழக்கில் டிரை ரன். நோட்டில் மூன்று கட்டம் போடச் சொன்னேன்: முறை, எடை, மொத்தம். முதல் சுற்று: மொத்தம் 0 ஆகிறது, எடை 12, மொத்தம் 12. இரண்டாம் சுற்று: அடைப்புக்குள் நுழைந்ததுமே மொத்தம் மறுபடி 0, எடை 9, மொத்தம் 9. மூன்றாவது எழுதுவதற்குள் அவளே சொல்லிவிட்டாள்: "காலைல பறிச்சத அழிச்சுட்டு அழிச்சுட்டு எழுதுது."

அதேதான். இதற்குப் பின்னால் ஒரு அழகான கருத்து இருக்கிறது. ராபர்ட் ஃபிளாய்ட் 1967-லும் டோனி ஹோர் 1969-லும் நிரல் சரியென்று கணித முறையில் நிரூபிக்கும் வழியை எழுதினார்கள். அதில் லூப்புக்கு என்று ஒரு விதி உண்டு. லூப்பின் ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் தவறாமல் உண்மையாக இருக்கிற ஒரு வாக்கியத்தைக் கண்டுபிடி என்பது அது. நம் நிரலுக்கு அந்த வாக்கியம்: 'இதுவரை நிறுத்த எல்லா எடைகளின் கூட்டுத்தொகை மொத்தத்தில் இருக்கிறது.' ஒன்றுமே நிறுக்காதபோது கூட்டுத்தொகை 0. ஆகவே லூப்புக்குள் நுழையும் முன்பே மொத்தம் 0 ஆக இருந்தாக வேண்டும். உள்ளே வைத்தால் இரண்டாம் சுற்றிலேயே வாக்கியம் பொய்யாகிறது. லூப் முடியும்போது 'இதுவரை' என்பது 'எல்லாம்' ஆகிவிடுகிறது. காட்ட வேண்டிய இடமும் அதுதான். எந்த வரி எங்கே நிற்க வேண்டும் என்று இந்த ஒரு வாக்கியமே சொல்லிவிடுகிறது.

எனக்கு இந்தப் பயிற்சியில் ரொம்பப் பிடித்தது தவறான விடைகள். 12, 9, 14 என்று மூன்றும் வேறுவேறாக இருப்பதால், தப்பாக வருகிற எண்ணைப் பார்த்தே தப்பு எங்கே என்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம். அவளோடு உட்கார்ந்து வேண்டுமென்றே ஒவ்வொன்றாகக் கெடுத்துப் பார்த்தோம்.

21 வந்தால் ஒரு சுற்று குறைந்திருக்கிறது: <= இருக்க வேண்டிய இடத்தில் வெறும் < விழுந்து, மூன்றாவது நிறுவை விடுபட்டுவிட்டது. 0 வந்தால் காட்டும் வரி லூப்புக்கு மேலேயே நின்று, யாரும் நிறுக்கும் முன்பே பேசிவிட்டது. 49 வந்தால் கடைசி 14 இரண்டு முறை கூட்டப்பட்டிருக்கிறது. கோப்பிலிருந்து எண்களை வாசிக்கும்போது இது அடிக்கடி வரும், ஏனென்றால் கோப்பு முடிந்ததா என்பது வாசிக்க முயன்று தோற்ற பிறகுதான் தெரியும். அந்தத் தோல்வியைக் கவனிக்காமல் கூட்டினால் பழைய எடையே இன்னொரு முறை சேர்ந்துவிடும். எந்த எண்ணுமே வராமல் திரை சும்மா நின்றால் மாணவர்கள் போன் தொங்கிவிட்டது என்பார்கள். முறையை 0-வில் தொடங்கி <= 3 என்று விட்டிருப்பார்கள். கணினி நான்காவது நிறுவைக்காகப் பொறுமையாகக் காத்திருக்கும்.

12 வந்தால் ஃபார் வரியின் கடைசியைப் பாருங்கள். அங்கே ஒரு செமிகோலன் இருக்கக்கூடும். சி மொழியில் வெறும் செமிகோலனும் ஒரு முழுக் கூற்று, ஒன்றும் செய்யாத கூற்று. லூப் அந்த ஒன்றுமில்லாததை மூன்று முறை செய்து முடித்துவிட்டு ஓய்ந்துவிடும். கீழே இருக்கும் அடைப்பு லூப்போடு உறவில்லாமல் தனியாக ஒரே முறை ஓடும். கம்பைலர் இதைப் பிழை என்று சொல்லாது. ஒரு வாரமாகத் தேடியும் இந்த ஒற்றைப் புள்ளி கண்ணில் படாமல் அழுத மாணவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஊர் பேர் தெரியாத ஏதோ பெரிய எண் வந்தால் 'மொத்தம் = 0' என்ற வரியே இல்லை. செயல்கூறுக்குள் பிறக்கிற மாறியை சி தானாகச் சுழியாக்குவதில்லை. அந்த நினைவக இடத்தில் முன்பு என்ன கிடந்ததோ அதோடுதான் கூட்டல் தொடங்கும். 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி இந்த மொழியை உருவாக்கியபோது கணினிகள் அவ்வளவு சிறியவை, கேட்காத வேலையைச் செய்து நேரத்தைச் செலவிடுவதில்லை என்பது மொழியின் குணமாகவே ஆகிவிட்டது. சில நேரம் அந்த இடத்தில் தற்செயலாக 0-வே கிடக்கும். வீட்டில் சரியாக ஓடி, எக்ஸ்டர்னல் வந்து நிற்கும்போது காலை வாரும்.

14-க்கு மட்டும் இரண்டு பேர் மேல் சந்தேகம் வரும். ஒன்று நாம் பார்த்தது, சுழியாக்கும் வரி உள்ளே போனது. இன்னொன்று ஃப்ளவர் பிராக்கெட்டையே விட்டுவிட்டது. அடைப்பு இல்லாவிட்டால் ஃபாருக்குச் சொந்தம் அடுத்து வருகிற ஒரே ஒரு கூற்றுதான். ஸ்கேன்எஃப் மூன்று முறை ஓடி 12, 9, 14 என்று ஒன்றன்மேல் ஒன்றாக எழுதி முடித்தபின், கூட்டல் ஒரே ஒரு முறை நடக்கும். கைவசம் இருப்பது கடைசி 14 மட்டும். இரண்டையும் பிரித்தறிய, கூட்டல் வரிக்கு அடுத்து ஒரு தற்காலிக பிரிண்ட்எஃப் போட்டுப் பாருங்கள். அது மூன்று முறை பேசினால் முதல் ஆள், ஒரே முறை பேசினால் இரண்டாம் ஆள். அப்படிப் போடும் வரியின் கடைசியில் புதுவரிக் குறியை மறக்காதீர்கள். காட்டச் சொன்ன எழுத்துகளைக் கணினி உடனே திரைக்கு அனுப்பாமல் ஓரிடத்தில் சேர்த்து வைக்கும். வழக்கமாகப் புதுவரி வரும்போதுதான் தள்ளிவிடும். நடுவில் நிரல் நொறுங்கினால், ஓடிய வரியே ஓடாதது போலத் தெரிந்து உங்களை வேறு எங்கோ தேட வைத்துவிடும்.

இன்னொன்று. ஒரே ஒரு எண்ணை வைத்து, ஒரே சுற்றில் சோதித்தால் இந்தத் தப்புகளில் பல தெரியவே தெரியாது. ஒரு சுற்றில் உள்ளேயும் வெளியேயும் ஒன்றுதான். குறைந்தது மூன்று, மூன்றும் வேறுவேறு. அத்தை சொன்ன கணக்கு தற்செயலாக நல்ல சோதனையாக அமைந்துவிட்டது.

"அப்ப பிரிண்ட்எஃப் எப்பவும் லூப்புக்கு வெளியதான் இருக்கணுமா மாமா?"

கிடையாது. 1978-ல் கெர்னிகனும் ரிட்சியும் எழுதிய சி புத்தகத்தில் வருகிற முதல் லூப் நிரலில் பிரிண்ட்எஃப் உள்ளேதான் நிற்கிறது. ஃபாரன்ஹீட் 0 முதல் 300 வரை இருபது இருபதாக ஏறி, ஒவ்வொன்றுக்கும் செல்சியஸ் என்ன என்று அட்டவணை போடும் நிரல் அது. ஒவ்வொரு வெப்பநிலைக்கும் ஒரு வரி வேண்டும், அதனால் உள்ளே. அடுத்த பயிற்சியிலேயே அந்த அட்டவணைக்குத் தலைப்பு போடச் சொல்வார்கள். சின்னப் பயிற்சி என்று தாண்டிவிடுகிறோம், ஆனால் இடம் பழக அதைவிட நல்லது எனக்குத் தெரியாது. தலைப்பை உள்ளே வைத்தவர் ஒவ்வொரு வரிக்கும் ஒரு தலைப்பைப் பார்ப்பார்.

இதெல்லாம் கற்றுக்குட்டிகளின் தப்பு என்று நினைக்க வேண்டாம் என்று அவளிடம் சொன்னேன். 1990 ஜனவரி 15 அன்று அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் தொலைதூரத் தொலைபேசி வலை சுமார் 9 மணி நேரம் முடங்கியது. ஒரு இணைப்பகக் கணினி பழுதாகி, மீண்டு எழுந்து, வந்துவிட்டேன் என்று மற்றவற்றுக்குச் செய்தி அனுப்ப, அதைப் பெற்றவை விழுந்தன. அவை எழுந்து செய்தி அனுப்ப, அடுத்தவை விழுந்தன. வலையில் இருந்தவை 114 கணினிகள். காரணம் அவற்றில் ஓடிய சி நிரலில் ஒரு பிரேக். ஸ்விட்ச் என்ற கூற்றுக்குள் இருந்த ஓர் இஃப்புக்குள் அது நின்றது. இஃப்பை விட்டு வெளியேறும் என்று எழுதியவர் எண்ணிவிட்டார். சி மொழியில் பிரேக்குக்கு இஃப் ஒரு பொருட்டே இல்லை. தன்னைச் சூழ்ந்திருக்கும் ஸ்விட்சையோ லூப்பையோ விட்டுத்தான் வெளியே குதிக்கும். செய்ய வேண்டிய வேலை பாதியில் விடுபட்டது.

2008 டிசம்பர் 31 அன்று மைக்ரோசாஃப்டின் ஜூன் என்ற பாட்டுக் கருவியில் 30 ஜிபி வகை முழுவதும் ஒரே நாளில் உறைந்து நின்றது. அதன் கடிகாரத்துக்கான நிரலில் ஒரு வைல் லூப். நாள் எண்ணிக்கை 365-க்கு மேல் இருக்கும்வரை சுற்று என்பது அதன் நிபந்தனை. உள்ளே, லீப் ஆண்டாக இருந்தால், நாள் 366-க்கும் மேல் இருந்தால் மட்டும் 366-ஐக் கழி என்றிருந்தது. அன்று லீப் ஆண்டின் 366-ஆம் நாள். 365-க்கு மேல்தான், ஆகவே சுற்று தொடர்கிறது. 366-க்கு மேல் இல்லை, ஆகவே எதுவும் கழியவில்லை. மீண்டும் சுற்று, மீண்டும் அதே நாள். பேட்டரி தீர்ந்து, தேதி மாறிய பிறகு போட்டுக்கொள்ளுங்கள் என்று நிறுவனம் சொல்ல வேண்டியதாயிற்று. டிரை ரன் கட்டத்தில் 366 என்று ஒரே ஒரு எண்ணை எழுதிப் பார்த்திருந்தால் இரண்டாவது சுற்றிலேயே மாட்டியிருக்கும்.

2014 பிப்ரவரியில் ஆப்பிள் அவசரமாகத் திருத்தி வெளியிட்ட பாதுகாப்புப் பிழையும் இந்தக் குடும்பம்தான். அடைப்பு இல்லாத ஓர் இஃப்புக்குக் கீழே ஒரே வரி இரண்டு முறை எழுதப்பட்டிருந்தது. இரண்டாவதும் உள்ளே தள்ளி எழுதப்பட்டதால் கண்ணுக்கு இஃப்பின் பிள்ளை போலத் தெரிந்தது. கம்பைலருக்கு இடைவெளி கணக்கே இல்லை. அது வெளியே நின்று எப்போதும் ஓடியது, அடுத்திருந்த சரிபார்ப்பு நடக்காமலே போனது. 2016-ல் வந்த ஜிசிசி 6-லிருந்து, தள்ளி எழுதியதும் அடைப்பும் ஒத்துப்போகாவிட்டால் அந்தக் கம்பைலர் எச்சரிக்கிறது. எச்சரிக்கைகளை எல்லாம் காட்டு என்று சொல்லி ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். ஒரு வரியே ஆனாலும் ஃப்ளவர் பிராக்கெட் போடு என்று நான் மாணவர்களை நச்சரிப்பதும் இதற்காகத்தான்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் அவள் நிரலில் 35 ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. அப்போது அத்தை கேட்டார்கள்: "கூடையக் கழிச்சியா?"

கொழுந்தைக் கூடையோடு நிறுத்தால் கூடையின் எடையைக் கழிக்க வேண்டும். கூடை 1 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அவள் சட்டென்று 'மொத்தம் = மொத்தம் - 1' என்று லூப்புக்குக் கீழே எழுதினாள். விடை 34. அதே வரியை உள்ளே வைத்தால் 32. இரண்டிலும் கம்பைலருக்கு ஒரு குறையும் இல்லை. வாக்கிய விதி, டிரை ரன் எதுவும் இங்கே கைகொடுக்காது, ஏனென்றால் கேள்வி நிரலைப் பற்றியதே இல்லை. கூடை ஒவ்வொரு நிறுவையிலும் தராசில் ஏறுகிறதா, இல்லை நாளுக்கு ஒருமுறையா? அது தெரிந்தவர் திண்ணையில் இருந்தார்.

"மூணு தடவையும் கூடையோடதான நிறுப்பாங்க. மூணு தடவையும்தான் கழியும்."

வரி உள்ளே போனது. ஒரு வரி அடைப்புக்கு உள்ளேயா வெளியேயா என்பதில் ஒரு நாளைக்கு 2 கிலோ கூடுகிறது, குறைகிறது. கூலி எடையைப் பொறுத்தது என்றால் அது ஒருவருடைய வருமானம். சம்பளப் பட்டியல், மின் கட்டணம், வங்கி வட்டி என்று நாம் நம்பியிருக்கிற எத்தனையோ கணக்குகளில் இப்படி ஒரு வரி எங்கோ நின்றுகொண்டிருக்கிறது. அதை வைக்கிறவர்கள் தராசுக்குப் பக்கத்தில் நின்றவர்களிடம் கேட்டுவிட்டு வைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

கூடையை இப்போதைக்கு ஓரமாக வைத்துவிட்டு, அடுத்த வீட்டு அம்மாவையும் கணக்கில் சேர்க்கச் சொன்னேன். அவர்களுக்கு 10, 8, 11. மொத்தம் 29. வெளியே ஆளுக்கு ஒரு லூப், அதற்குள் நிறுவைக்கு ஒரு லூப். எழுதி ஓட்டினாள். ஆச்சிக்கு 35, அடுத்த வீட்டு அம்மாவுக்கு 64.

இந்தத் தடவை அவள் எந்த வரியையும் நகர்த்தவில்லை. பென்சிலை எடுத்தாள். கட்டம் போட்டாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஆச்சி கொழுந்து இவங்க கணக்குல சேந்துருச்சு மாமா" என்றாள். 35-ம் 29-ம் சேர்ந்தால் 64. 'மொத்தம் = 0' இரண்டு லூப்புக்கும் மேலே நின்றிருந்தது. நாளுக்கு ஒரு முறை சுழி, ஆனால் தேவை ஆளுக்கு ஒரு முறை. ஆகவே அது வெளி லூப்புக்கு உள்ளேயும் உள் லூப்புக்கு வெளியேயும் நிற்க வேண்டும். காலையில் உள்ளே போனதற்காகத் திருத்திய அதே வரி, சாயங்காலம் உள்ளே போக வேண்டியதாயிற்று. எந்த அடைப்புக்கு உள்ளே என்று கேட்காமல், உள்ளே, வெளியே என்று மனப்பாடம் செய்தவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

35, 29 என்று வந்ததும் ஆச்சியிடம் போனைக் காட்டினாள். அத்தை கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, எதிர்வரிசை வீட்டைக் கைகாட்டினார்கள். "அவளையும் போடு. அவ பிள்ளைத்தாச்சியா இருந்தப்ப மத்தியானத்தோட போயிருவா. ரெண்டு நிறுவதான்."

அவள் முதல் எடையைத் தட்டினாள், இரண்டாவதைத் தட்டினாள். திரை மூன்றாவதற்காகக் காத்து நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், நோட்டில் புதுப் பக்கம் புரட்டி, உள் லூப்பில் 3 என்றிருந்த இடத்தை அடித்துவிட்டு, அதற்கு மேலே ஒரு ஸ்கேன்எஃப் எழுதத் தொடங்கினாள்: எத்தனை நிறுவை?